மல்லாட்டைக்காகக் காத்திருந்த மின்கம்பி

கொழும்பு மின்சார அலுவலகத்தில் நான் மின்பொறியியலாளர். ஆனால் வடக்கிலிருந்து யாராவது தொலைபேசியில் கோபமாகக் கதைத்தால், அந்த அழைப்பு எந்த மேசைக்கு வந்தாலும் கடைசியில் என் காதுக்குத்தான் வந்து சேரும். "ஜெசிந்தா, இவர் என்ன சொல்கிறார் என்று கேள்" என்பார்கள். கேட்பேன். சிங்களத்தில் சொல்வேன். தொலைபேசியைத் திருப்பிக் கொடுப்பேன். பதில் சொல்வது வேறு யாராவதாக இருக்கும்.

இந்தியாவையும் இலங்கையையும் மின்கம்பியால் இணைக்கும் திட்டம் நான் பல்கலைக்கழகத்தில் படித்த நாட்களிலிருந்தே பேச்சில் இருக்கிறது. கடலுக்கடியில் ஒரு கேபிள். அது எங்கள் பக்கம் கரையேறும் இடமாகச் சொல்லப்படுவது மன்னார், என் சொந்த ஊர். அங்கிருந்து வயல்களுக்கு மேலாகக் கோபுரம் கோபுரமாக உள்நாட்டுக்குப் போகவேண்டும். திட்டமிடல் பிரிவின் தலைவர் ருவான் அதிகம் பேசாத மனிதர். ஒருநாள் என் மேசைக்கு வந்து சொன்னார்: "கடல் எனக்குக் கவலையில்லை. மீன்கள் கூட்டம் கூடி எதிர்ப்பதில்லை. தரைதான் கவலை."

தமிழ்நாட்டில் விவசாய நிலங்களுக்கு நடுவே பெரிய மின்பாதை ஒன்று எப்படிப் போடப்படுகிறது, அதன் கீழே இருப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று நேரில் பார்க்க ஏற்பாடாகியிருந்தது. விழுப்புரம், திண்டிவனம் பக்கம். "நீயும் வா. மொழிபெயர்க்க ஆள் வேண்டும்" என்றார் ருவான். முதல் வாக்கியம் இனித்தது. இரண்டாவது கொஞ்சம் குத்தியது.

விழுப்புரத்தில் முதல் காலை இரயில் சத்தத்தில்தான் விழித்தேன். நாலா பக்கமும் தண்டவாளம் பிரியும் ஊர். ஒரு வண்டி போய் அடுத்த வண்டி வருவதற்குள் காகங்கள் பேசி முடித்துவிடவேண்டும். விடுதிக்கு எதிரே இருந்த ஓட்டலில் இட்லி, வடை, பொங்கல். பரிமாறியவர் வாளியைத் தூக்கிக்கொண்டு, "கெட்டி சட்னியா, தண்ணி சட்னியா சார்?" என்று ருவானிடம் கேட்டார். எங்கள் நாட்டில் சட்னி என்றால் மாங்காயில் சீனி போட்டுக் கிண்டிய இனிப்பு. இட்லிக்கு மேல் அதை ஊற்றப்போகிறார்களோ என்று ருவான் தட்டைக் கையால் மூடிக்கொண்டார். தேங்காய்ச் சட்னி என்று நான் விளக்கிய பிறகு மூன்றுமுறை கேட்டு வாங்கினார். "நம்முடைய தேங்காய்ச் சம்பலை நீராக்கியிருக்கிறார்கள். கெட்ட யோசனை இல்லை" என்றார்.

என் தமிழைக் கேட்ட பரிமாறுபவர் சிறிது யோசித்துவிட்டு, "நீங்க கேரளாவாம்மா?" என்றார்.

"இல்லை, இலங்கை. மன்னார்."

"அட, சிலோனா! அப்ப நம்மாளுங்கதான்" என்று சொல்லி, கேட்காமலே இன்னொரு வடை வைத்தார். அந்த வடையை நான் பெருமையோடு தின்றேன்.

எங்களை அழைத்துப்போக வந்தவர் செல்வி. அந்த மின்பாதையில் திண்டிவனம் பக்கத்துப் பகுதிக்குப் பொறுப்பான பொறியியலாளர். முப்பது வயது இருக்கும். சுடிதாருக்கு மேல் அளவு பெரிதான ஒரு வேலைச் சட்டை, காலில் தடித்த சப்பாத்து, தோளில் தொங்கும் தலைக்கவசம். என்னை முதலில் மேடம் என்றாள். நான் வேண்டாம் என்றதும் ஒரு நொடிகூட யோசிக்காமல் "அக்கா" என்று மாற்றிக்கொண்டாள். அவள் சொந்த ஊர் கண்டாச்சிபுரத்துக்குப் பக்கத்தில். அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்து அவளைப் படிக்கவைத்தவர்கள்.

"எங்க அம்மா இந்தப் பக்கமெல்லாம் களையெடுக்க வந்தவங்கக்கா. வேன்ல ஏத்திக்கினு வந்து எறக்கி உடுவாங்களாம். இப்ப அதே பக்கத்துல நான் நெலத்துக்காரங்களைக் கூப்பிட்டு உக்காரவெச்சுப் பேசிக்கினு இருக்கேன்" என்றாள். சொல்லும்போது குரலைத் தாழ்த்தவில்லை. ருவான் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். சொன்னேன். அவர் வண்டியின் முன் இருக்கையிலிருந்து திரும்பி அவளுக்கு ஒருமுறை தலை தாழ்த்தினார்.

அன்று முழுவதும் கோபுரங்களைப் பார்த்தோம். செல்வி வேலையை விளக்கிக்கொண்டே வந்தாள். திண்டிவனத்துக்கு அருகே புதிதாக வரும் துணை மின்நிலையத்துக்கு மின்சாரம் கொண்டுவரும் பாதை அது. கோபுரங்கள் நின்றுவிட்டன. பல இடங்களில் கம்பியும் இழுத்தாகிவிட்டது. மிச்சமிருப்பது ஒரு சிறு துண்டு. அங்கேதான் ஊர்க்காரர்களோடு பேசிப் பேசிச் சம்மதம் வாங்கியிருந்தாள். அடுத்த நாள் அந்த இடத்துக்குப் போவதாகத் திட்டம்.

மன்னார் தட்டையான ஊர். பனையும் உப்பளமும் தவிரக் கண்ணுக்குத் தட்டுப்படுவது வானம்தான். இங்கே வயலுக்கு நடுவில் திடீரென்று பாறை பாறையாக ஒரு குன்று எழும். யாரோ லாரியில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனது போல இருக்கும். அடுத்த வளைவில் ஓர் ஏரி. ஏரிக்கு அப்பால் கரும்பு. கரும்புக்கு மேலாக வெள்ளிக் கம்பிகள். நான் படித்த தொழில் இவ்வளவு அழகாக இருக்கும் என்று கொழும்பில் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தெரியாது.

இரண்டாம் நாள் வண்டி மாட்டிக்கொண்டது.

கூட்டேரிப்பட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம், மிச்சமிருந்த துண்டு அங்கேதான். ஊரைத் தாண்டி மண்பாதையில் போய்க்கொண்டிருந்தோம். மாசி மாதம், மழை பெய்து நாளாகிவிட்டது, ஆனால் பாதையின் ஒரு இடம் மட்டும் சேறாகக் கிடந்தது. ஓட்டுநர் ஏழுமலை அதைப் பார்த்து, "இதெல்லாம் ஒரு மேட்டரே இல்ல மேடம்" என்று சொல்லி முடிப்பதற்குள் பின்சக்கரம் அச்சுவரை இறங்கிவிட்டது. ருவான், செல்வி, நான் மூவரும் இறங்கித் தள்ளினோம். சேறு எங்கள் மேலெல்லாம் வந்தது, வண்டி வரவில்லை.

அந்த நேரத்தில் எதிர்ப்பக்கமிருந்து ஒரு டிராக்டர் வந்தது. ஓட்டிக்கொண்டு வந்தவர் ஓர் அம்மா. சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. வண்டியை நிறுத்தி எங்களைப் பார்த்தார். முதலில் சிரிப்பு வந்தது அவருக்கு, பிறகு கொஞ்சம் வெட்கம்.

"என்னாலதான் இந்தப் பேஜாரு. த்ரீ பேஸ் கரண்டு ராத்திரிலதான வருது. மோட்டாரைப் போட்டுட்டுச் செத்த கண்ணசந்துட்டேன். வாய்க்கா ஒடைஞ்சு தண்ணி எல்லாம் பாதைக்கு வந்துட்டுது" என்றார்.

கிணற்று மோட்டாரை ஓட்டும் மும்முனை மின்சாரம் அந்தப் பகுதிக்கு அப்போது பெரும்பாலும் இரவில்தான் வந்துகொண்டிருந்தது என்று செல்வி எங்களுக்குச் சொன்னாள். நான் ருவானுக்குச் சொன்னேன். தன் காலிலிருந்த சேற்றைப் பார்த்து ருவான் சொன்னார்: "அப்படியானால் நாம் மாட்டிக்கொண்டது மின்வெட்டு அட்டவணையில்."

டிராக்டரில் சங்கிலி கட்டி அந்த அம்மா எங்களை வெளியே இழுத்தார். அவர் பெயர் தனபாக்கியம், செல்வியிடம் சம்மதம் கொடுத்தவர்களில் ஒருவர். பாதைக்கு இரண்டு பக்கமும் இருந்த நிலம் அவருடையதுதான். கணவர் இல்லை, பிள்ளைகள் சென்னையில். "வாங்க, கையக் கால அலம்பிக்கினு போங்க. என் கொல்லைக்கு வந்துட்டு சேறோட போனீங்கன்னா எனக்குத்தான் அசிங்கம்" என்றார். கொல்லை என்றால் வீட்டின் பின்புறம் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். மோட்டார்க் கொட்டகையைச் சுற்றிக் கண்ணுக்கெட்டியவரை பச்சையாகக் கிடந்த மேட்டு நிலத்தைக் காட்டியபோதுதான், இங்கே அதற்குப் பெயர் கொல்லை என்று புரிந்தது.

அதில் விளைந்திருந்தது மல்லாட்டை. எங்களுக்குக் கச்சான், மற்றவர்களுக்கு நிலக்கடலை. ஒரு செடியைப் பிடுங்கி உதறி எங்கள் கையில் கொடுத்தார். பருப்பு இன்னும் முழுசாக முற்றவில்லை, பால் இனிப்பு. "இன்னும் கொஞ்ச நாள் கெடக்கணும்" என்றார். பிறகு தூக்குவாளியிலிருந்து கேப்பைக் கூழை மோர் விட்டுக் கரைத்து, கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயத்தோடு தந்தார். கேப்பையை நாங்கள் குரக்கன் என்போம், அதில் பிட்டு சாப்பிட்டிருக்கிறேன், கஞ்சி குடித்திருக்கிறேன். வெயிலில் நின்று சேறு காயக் காயக் குடித்த இந்தக் கூழுக்கு எதுவும் கிட்ட வராது. ருவான் இரண்டாவது சொம்பு கேட்டார், தமிழில். "இன்னும் கொஞ்சம்" என்பது அவர் இங்கே கற்ற முதல் சொல்.

நானும் ருவானும் எதற்காக வந்திருக்கிறோம் என்று தனபாக்கியம் கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன். "எங்கட நாட்டுக்கும் உங்கட நாட்டுக்கும் இடையில கரண்ட் லைன் போடுறதுக்கு யோசிக்கினம். அதான், இஞ்ச லைன் எப்பிடிப் போகுது எண்டு பார்க்க வந்தனாங்கள்."

அவர் தலையாட்டினார். பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த இரண்டு மூன்று பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. நாங்கள் விடைபெற்றுத் திண்டிவனம் போய்ச் சேர்ந்தோம்.

மூன்றாம் நாள் காலை, சேற்றில் இறங்கியதில் வண்டிக்கு என்னவோ ஆகிவிட்டதென்று ஏழுமலை அதை மெக்கானிக்கிடம் விட்டிருந்தார். செல்வி முன்னதாகவே ஸ்கூட்டரில் போய்விட்டாள். நானும் ருவானும் திண்டிவனத்தில் டவுன் பஸ் ஏறினோம்.

நடத்துநர் எனக்குக் கட்டணமில்லாத சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். இந்தப் பேருந்துகளில் பெண்களுக்குக் காசு இல்லையாம். எனக்கு மனம் கேட்கவில்லை. "நான் இந்தியா இல்லை. இலங்கைக்காரி" என்றேன்.

"பொம்பளையா இல்லையா?"

"பொம்பளதான்."

"அப்ப உக்காரும்மா. ஆம்பளைக்குத்தான் காசு" என்று ருவானின் பக்கம் கையை நீட்டினார். பேருந்தே சிரித்தது. ருவான் காசு கொடுத்துவிட்டு, இது தனக்கு அநீதி என்று சிங்களத்தில் முறைப்பாடு செய்தார். அதை நான் சத்தமாக மொழிபெயர்த்தேன். இன்னும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

"இவங்கதான் போலக்கீது. நேத்து தனபாக்கியம் கொல்லைக்கு வந்தவங்க."

"யாரு, கரண்டு வாங்க வந்தவங்களா?"

"ஆமா. அந்தப் புது லைனு நமக்கு இல்லியாம். சிலோனுக்குப் போவுதாம். நம்மகிட்ட மறைச்சுட்டாங்க பாரு."

இரண்டு வாக்கியத்தில் நான் சொன்ன உண்மை, ஒரு பொழுதுக்குள் ஊரைச் சுற்றி வேறொன்றாக மாறி என் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது. ருவானிடம் சொன்னேன். அவர் முகத்திலும் சிரிப்பு போய்விட்டது.

தனபாக்கியத்தின் ஊரில் நாங்கள் இறங்கியபோது வேலை நின்றிருந்தது. கம்பி இழுக்க வந்த ஆட்கள் லாரி நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். பாதையை மறித்து ஒரு டிராக்டர் குறுக்கே நின்றது. அதன்மேல் தனபாக்கியம். நேற்று கூழ் ஊற்றிய முகம் இல்லை அது.

செல்வி என்னைத் தனியே கூப்பிட்டாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபப்பட நேரமில்லை.

"ஒவ்வொரு வீடா ஏறி எறங்கிச் சம்மதம் வாங்கினேங்கா. இப்ப நான் பொய் சொல்லிட்டேன்னு சொல்றாங்க. ஆபீஸ்ல கேட்டா என்னால முடியலைன்னு வேற ஆளைப் போட்ருவாங்க. அது போவட்டும். நான் பொய் சொல்றவள்னு இந்த ஊரு நெனைச்சா, அடுத்த ஊர்ல என்னை யாரு உள்ள உடுவாங்க?"

"நான் சொன்னதாலதான் இது வந்தது. நானே கதைக்கிறன்" என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை.

ஊரின் சமுதாயக் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். பெண்கள் தரையில், ஆண்கள் சுவரோரம், எங்களுக்கு மட்டும் பிளாஸ்டிக் நாற்காலி. ருவான் தன் நாற்காலியை ஓரமாக நகர்த்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

தனபாக்கியம்தான் முதலில் பேசினார். "தே பொண்ணு, உன்மேல எனக்கு வருத்தமில்ல. கேட்டதுக்கு உள்ளதச் சொன்ன. ஆனா ஒண்ணு. நம்ம கரண்டை அந்தாண்ட வித்துக்கினு, நாங்க மட்டும் பாம்பு பூச்சிக்கு நடுவுல ராத்திரில தண்ணி கட்டிக்கினு இருக்கணுமா? அதுக்கு எங்க கொல்லையில கம்பி இழுக்கணுமா?"

கூடம் முழுவதும் ஆமாம் என்றது. நான் வழக்கப்படி ருவான் பக்கம் சாய்ந்து சிங்களத்தில் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். "அவர்களிடம் சொல்..." என்று தொடங்கினார். பிறகு நிறுத்திக்கொண்டார்.

"இல்லை. நீயே பதில் சொல். என்ன சொன்னாய் என்று பிறகு எனக்குச் சொன்னால் போதும்."

பத்து வருடமாக நான் பிறருடைய பதில்களைக் கொண்டுபோய்க் கொடுத்தவள். அந்தக் கூடத்தில் எழுந்து நின்றேன்.

முதலில் அந்த லைனைப் பற்றிச் சொன்னேன். இது இலங்கைக்குப் போகும் பாதை இல்லை, திண்டிவனத்துப் புது மின்நிலையத்துக்கு வருவது, செல்வி உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மை. இலங்கைக்கு வரப்போவது வேறு பாதை, வேறு இடம், கடலுக்கடியால், அது இன்னும் திட்டமாகத்தான் இருக்கிறது. நாங்கள் இங்கே வந்தது மின்சாரம் வாங்க இல்லை. எங்கள் ஊர் வயல்களில் கோபுரம் நிற்கவைக்கும் முன், ஏற்கெனவே நிற்கவைத்தவர்களிடம் கேட்டுப்போக வந்தோம். அந்த ஊர்த் தமிழுக்குப் பழகிய காதுகளுக்கு என் மன்னார்த் தமிழ் வேடிக்கையாக இருந்திருக்கும். இளம்பெண்கள் சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பிறகு கையை எடுத்துவிட்டுக் கேட்டார்கள்.

"அப்ப உங்களுக்கு எதுக்கு எங்க கரண்டு? உங்க ஊர்ல இல்லியா?" என்றார் சுவரோரம் நின்ற ஒருவர்.

அதற்கு நான் பொறியியல் சொல்லவில்லை. என் அண்ணனைப் பற்றிச் சொன்னேன். அவர் மன்னாரில் கடலுக்குப் போகிறவர். எங்கள் நாட்டில் எரிபொருளும் மின்சாரமும் இல்லாமல் போன அந்தக் கெட்ட வருடத்தில், ஒருநாள் எங்கிருந்தோ எண்ணெய் தேடிப் படகை எடுத்துப் போனார். நல்ல மீன். கரைக்கு வந்தால் ஐஸ் இல்லை. மின்சாரம் இல்லாமல் ஐஸ் கம்பனி மூடிக் கிடந்தது. வாங்கவேண்டிய லொறியும் வரவில்லை. வெயில் ஏற ஏற மீன் கண்முன்னால் கெட்டுப்போனது. பின்னேரம் அண்ணன் அத்தனையையும் கடலிலேயே கொண்டுபோய்க் கொட்டினார். கொட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, மனைவி பிள்ளைகளோடு ஒரு வார்த்தையும் பேசாமல் படுத்துவிட்டார். நான் மின்சார வேலை பார்ப்பவள். அன்று அவர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் கூப்பிடவே இல்லை.

தனபாக்கியம் மெல்லச் சொன்னார்: "நான் தண்ணியக் கொட்னேன். அவரு மீனைக் கொட்னாரு. ரெண்டும் ஒரே பேஜாருதான்."

சுவரோரம் நின்றவர் விடவில்லை. "சரிம்மா, நீங்க வாங்கிக்குவீங்க. திருப்பி என்னா தருவீங்க?"

"சோளகம் தருவம்" என்றேன். யாருக்கும் புரியவில்லை. "வைகாசியிலயிருந்து ஆவணி மட்டும் மன்னாரில ஒரு காத்து அடிக்கும், ஆளையே தூக்கும். அதில காத்தாலைகள் சுத்தும். அதே நேரம் எங்கட மலையில மழை, குளங்கள் நிரம்பி வழியும், அந்தத் தண்ணியிலயும் கரண்ட் எடுப்பம்."

"ஆடிக் காத்தைச் சொல்லுது!" என்றார் ஒரு பெண். "அப்ப உங்க ஊரு காத்து எங்க மோட்டாரை ஓட்டுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்ல மனமில்லாமல் ருவானைக் கேட்டேன். அவர் சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் சொன்னேன்: "தினமும் ஓட்டாது. உங்களுக்கும் காற்று, எங்களுக்கும் காற்று என்று இருக்கிற நாளில் யாருக்கும் யாரும் தேவையில்லை. ஒருவரிடம் இருந்து மற்றவரிடம் இல்லாத நாளுக்குத்தான் கம்பி. அந்த நாள் எங்களுக்கும் வரும், உங்களுக்கும் வரும்."

அப்போது செல்வி எழுந்தாள். "பகல்ல த்ரீ பேஸ் வாங்கித் தர்றேன்னு நான் சொல்ல மாட்டேன். அது என் கையில இல்ல. புது ஸ்டேஷன் வந்தா நெலமை மேல வரும்னு நம்பறேன், அவ்ளோதான் சொல்ல முடியும். என் கையில என்னா இருக்குதோ அதக் கேளுங்க."

தனபாக்கியம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதைச் சொல்றதுக்கே ஒரு இது வேணும்" என்றார். பிறகு: "மல்லாட்டை நெலத்துல கெடக்குது. இப்ப நீங்க கம்பிய இழுத்தா ஆளும் வண்டியும் மிதிச்சு ஒண்ணும் மிஞ்சாது. நஷ்டத்துக்குப் பணம் தருவீங்க, தெரியும். நான் பணத்த விதைக்கல. புடுங்கின அப்புறம் வாங்க. நானே முன்ன நின்னு இழுக்க உடறேன்."

செல்வி அங்கேயே கைப்பேசியை எடுத்தாள். வெளியே போகவில்லை, எல்லோர் முன்னாலும்தான் பேசினாள். "சார், இந்தத் துண்டை மல்லாட்டை அறுவடைக்கு அப்புறம் வெச்சுக்கலாம் சார். ஆளுங்களை ஜல்தியா அந்தாண்டப் பக்கம் அனுப்பி அதை முதல்ல முடிச்சுடறேன்... ஆமா சார், கடைசித் தேதி தள்ளாது... இல்ல சார், இது என் முடிவு. நான் பொறுப்பு." எதிர்ப்பக்கம் நீண்ட நேரம் பேசியது. நாங்கள் அவள் முகத்தைப் பார்த்தபடி இருந்தோம். கடைசியில் "தேங்க்யூ சார்" என்றாள்.

யாரும் கைதட்டவில்லை. அந்த ஊர் அப்படிப்பட்டதல்ல. எழுந்து துண்டை உதறிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போனார்கள். தனபாக்கியம் மட்டும் செல்வியிடம் வந்து, "உங்க அம்மா பேரு என்னா?" என்று கேட்டார். அவள் சொன்னாள். "ஒருநாள் கூட்டிக்கினு வா. என் வூட்ல சாப்பிடட்டும்" என்றார். அதற்கு என்ன பொருள் என்று செல்விக்குத் தெரிந்தது. கூலிக்கு வந்து வாசலோடு திரும்பிய ஒருத்திக்கு அது என்ன பொருள் என்று, சற்றுத் தாமதமாக, எனக்கும் தெரிந்தது.

திரும்பும் வழியில் ருவானுக்கு நான் பேசியது முழுவதையும் சிங்களத்தில் சொன்னேன். அண்ணன் மீனைக் கொட்டியதை அவரிடம் நான் இதற்குமுன் சொன்னதில்லை. பேருந்து திண்டிவனத்துக்கு வந்து நின்றும் அவர் எழுந்திருக்கவில்லை. "அந்த வருடம் நான்தான் மின்வெட்டு அட்டவணை போட்டுக்கொண்டிருந்தேன். எந்த ஊருக்கு எத்தனை மணி நேரம் என்று" என்றார்.

கடைசி நாள் செல்வி எங்களைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போனாள். போகும் வழியில் கண்டாச்சிபுரத்துச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கினாள். ருவான் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தார். அவள் அம்மா வைத்திருந்த கோழிக் குழம்பு எங்கள் குழம்பைவிடக் காரம். எங்கள் காரம்தான் உலகிலேயே பெரியது என்ற என் நம்பிக்கை அங்கே உடைந்தது. சாப்பிடும்போது செல்வி, தனபாக்கியம் சொன்ன அழைப்பைச் சொன்னாள். அவள் அம்மா கரண்டியை வைத்துவிட்டு, "அவங்களா? வூட்டுக்குள்ளயா?" என்று கேட்டார். பிறகு எங்கள் எல்லோருக்கும் இன்னொரு சுற்றுச் சோறு போட்டார். என் தட்டில் இடமில்லை என்று சொன்னது அவர் காதில் விழவில்லை.

கொழும்புக்குத் திரும்பியதும் திட்டமிடல் கூட்டம். மன்னார்ப் பகுதி வேலை அட்டவணை திரையில் ஓடியது. ருவான் எழுந்து, வயல் வேலை நடக்கும் மாதங்களில் அங்கே ஒரு கம்பியும் இழுக்கக்கூடாது என்றார். ஏன் என்று கேட்டார்கள். "அதை ஜெசிந்தா விளக்குவார். மன்னார் மக்களோடு பேசும் பொறுப்பும் அவருடையதுதான்" என்றார். மொழிபெயர்க்க என்று சொல்லவில்லை. நான் அந்தக் கூட்டத்தில் நீண்ட நேரம் பேசினேன். ஒருவரும் குறுக்கே பேசவில்லை.

சித்திரையில் ஒருநாள் செல்வி கூப்பிட்டாள். பின்னணியில் ஒரே இரைச்சல், லாரியும் ஆட்களும்.

"அக்கா, கம்பி இழுத்தாச்சு! ஒரு சண்டை இல்ல. தனபாக்கியம் அம்மா காலையிலேர்ந்து கொல்லையிலயே நின்னுக்கினு இருக்காங்க. போறவங்க வர்றவங்க எல்லார்கிட்டயும் என்னா சொல்லிக்கினு இருக்காங்க தெரியுமா? 'சிலோன்காரங்க லைன் போடறதுக்கு முன்னாடி எங்கிட்டதான் யோசனை கேட்டுக்கினு போனாங்க'ன்னு."

நான் சிரித்தேன். அது முழு உண்மை, ஒரு சொல்கூடக் கூடுதலில்லை என்று அவரிடம் சொல்லச் சொன்னேன்.

நாளை மன்னாருக்குப் போகிறேன். பாதை வரக்கூடிய ஊர்களில் வீடு வீடாகப் போகவேண்டும். எங்கே தொடங்குவது என்று அலுவலகத்தில் கேட்டார்கள். கரையோரத்தில் ஒரு வீட்டைச் சொன்னேன். அந்த வீட்டுக்காரர் கேட்கப்போகும் கேள்விகள் கடுமையாக இருக்கும், பிறந்ததிலிருந்து எனக்கு அவரைத் தெரியும். இந்தமுறை அண்ணன் என்னை நன்றாக ஏசட்டும். நான் இருந்து பதில் சொல்லுவேன்.